காலியாக இருக்கக் கடமைப்பட்ட வீடு

எங்கள் போல்டிங்கன் நகரத்தில் தகுந்த வாடகைக்கு ஒரு காலி வீடு இருந்தது. நானாகச் சொல்லவில்லை, நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நானும் உள்ளே போய்ப் பார்த்தேன், செருப்புக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு. குழாயில் தண்ணீர் வந்தது. கணப்பு சூடாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரில் ரொட்டிக் கடை. ஒரு வீட்டில் என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருந்தது, குடியிருக்க மட்டும் அனுமதி கிடையாது.

இந்தக் கதை என் மேல் மாடிக்காரி ரோஸ்விதா கூப்ளருடையது. கால் நூற்றாண்டாக என் தலைக்கு மேல் நடமாடுகிறாள். அவள் காலடிச் சத்தத்தை வைத்தே எனக்கு மணி தெரியும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஒருநாள் நிர்வாகத்துக்கு எல்லைக்கு அப்பால் துவைத்தால் மலிவு என்று தெரிந்துபோயிற்று. அன்றுமுதல் படுக்கை விரிப்புகள் போலந்து போய்த் திரும்பி வருகின்றன. ரோஸ்விதாவின் வேலை திரும்பி வரவில்லை. அறுபது தாண்டியவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? உதவித்தொகை வாங்க ஆரம்பித்தாள்.

போன வருடம் அவள் மகள் கல்யாணமாகி வடக்கே போனாள். மகள் போன அன்றே வீடு பெரிதாகிவிட்டது. சுவர் ஒன்றும் நகரவில்லை. இரண்டு பேருக்குச் சரியாக இருந்த வீடு ஒருத்திக்கு அதிகம் என்று உதவித்தொகை அலுவலகம் கண்டுபிடித்துக் கடிதம் போட்டது. வாடகையும் வரம்பைத் தாண்டுகிறதாம். ஆறு மாதத்துக்குள் தகுந்த வீட்டுக்குப் போகவேண்டும். போகாவிட்டால் வரம்புக்கு மேலுள்ள வாடகையை அவளே கட்டவேண்டும், அதாவது சாப்பாட்டுக் காசிலிருந்து.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். "என் வாடகை தகாததுன்னு எழுதியிருக்கான் பாரு. இந்த வயசுல எனக்குன்னு தகாதது ஒண்ணு இருக்கறது பெருமையாத்தான் இருக்கு," என்றாள். பிறகு என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அவள் போய்விட்டால் எனக்கும் இந்தக் கட்டடத்தில் இருக்கப் பிடிக்காது. அதை அவளிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதெல்லாம் சொல்லும் வழக்கமில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் இரண்டு பேரும் அலுவலகம் போனோம். வாடகை வரம்புப் பிரிவின் தலைவர் டாக்டர் ஐஸலே. மாட்டுத் தீவனச் சந்தையில் விலை ஏற்ற இறக்கம் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். நல்ல மனிதர்தான், வரம்பைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் தழுதழுக்கும், அவ்வளவுதான்.

"கூப்ளரம்மா, இது ஏனோதானோன்னு வெச்ச வரம்பு இல்ல. அறிவியல் முறைப்படி வெச்சது. முதல்ல ஊர்ல இருக்கற எல்லா வாடகையையும் சேகரிச்சோம். அதுல ரொம்ப அதிகமா இருந்ததை எடுத்துட்டோம். அது ஆடம்பரம். அப்புறம், சமீபத்துல குடிவந்தவங்க குடுக்கற வாடகையையும் எடுத்துட்டோம். அது விலைவாசியால கெட்டுப்போன வாடகை. கடைசியா மிஞ்சினவங்க முப்பது வருஷமா ஒரே வீட்டை விட்டு நகராதவங்க. அவங்க குடுக்கறதுதான் இந்த ஊரோட சுத்தமான வாடகை."

"அவங்கதான் நகரவே மாட்டாங்களே சார். அப்புறம் அந்த வீடு எனக்கு எப்படிக் காலியாகும்?"

"காலியாகறது வேற பிரிவு."

"அப்ப அந்தப் பிரிவு எங்க இருக்குன்னு சொல்லுங்க, அங்க போறேன்."

"அப்படி ஒரு பிரிவு இன்னும் ஆரம்பிக்கல. ஆனா புள்ளிவிவரப்படி தகுந்த வாடகைக்கு வீடு உண்டு. நீங்க மனசு வெச்சுத் தேடணும்."

"ஒண்ணே ஒண்ணு முகவரி குடுங்களேன்."

டாக்டர் ஐஸலே அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "புள்ளிவிவரத்துக்கு முகவரி கிடையாதும்மா," என்றார்.

மனசு வைத்துத் தேடினோம். எங்கள் ஊரில் ஒரு வீடு காலியானால் சனிக்கிழமை காலையில் திறந்து காட்டுவார்கள். வரிசை வாசலில் தொடங்கி ரொட்டிக் கடையைச் சுற்றிக்கொண்டு தேவாலயம் வரை போகும். ஆளாளுக்கு ஒரு கோப்பு, சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரர் கொடுத்த நன்னடத்தைச் சான்று. விவரம் தெரிந்தவர்கள் கேக் சுட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு வீட்டில் குளியல் தொட்டி சமையலறைக்கு நடுவில் இருந்தது. "குளிச்சுக்கிட்டே உருளைக்கிழங்கு உரிக்கலாம்," என்றார் வீட்டுக்காரர். இன்னொன்றில் கூரை அவ்வளவு சரிவு, கட்டிலில் படுத்தால்தான் நிமிர முடியும். இரண்டுமே வரம்புக்கு மேல். உதவித்தொகை என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு வீட்டுக்காரர்களும் பேனாவை மூடிவிட்டார்கள்.

நான்காவது மாதம் ரோஸ்விதா வழக்குப் போட்டாள். நீதிபதி ஹில்டெகுண்ட் ராவ் எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த அம்மாள், அதிகம் பேசமாட்டார். டாக்டர் ஐஸலே வரைபடங்களைத் தொங்கவிட்டு மதியம் வரை விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "வரம்பு இருக்கட்டும் டாக்டர். அந்த வரம்புக்குள்ள காலியா ஒரு வீட்டைக் காட்டுங்க. நான் வந்து பாக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை வரிசையில் எங்களுக்குப் பின்னால் டாக்டர் ஐஸலே நின்றார். கையில் கோப்பு. இன்னொரு கையில் துணி போட்டு மூடிய தட்டு.

"நீங்களுமா சார்?" என்றாள் ரோஸ்விதா.

"நான் அலுவல் விஷயமா நிக்கறேன்."

"தட்டுல என்ன?"

"பிளம்ஸ் கேக். வீட்டுல சுட்டாங்க."

அவர் முறை வந்தபோது வீட்டுக்காரம்மா எங்கே வேலை என்று கேட்டாள். உதவித்தொகை அலுவலகம் என்றார். அந்த அம்மாள் உதவித்தொகை என்ற முதல் சொல்லோடு கேட்பதை நிறுத்திவிட்டு அவர் பெயரை அடித்துவிட்டாள். கேக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு அவர்மேல் ஒரு சின்னப் பாசம் வந்தது, திங்கட்கிழமை வரை இருந்தது.

கடைசியில் அலுவலகம் நகராட்சியின் வீட்டு நிறுவனத்தின் காலில் விழுந்தது. ஆம்ஸல் தெரு ஒன்பதாம் எண், இரண்டாம் மாடி, இடது பக்கம். ஒரு வீட்டுக்கு மட்டும் வாடகையைச் சரியாக வரம்புக்குக் குறைத்து, பூட்டிச் சாவியைக் கொடுத்தார்கள். நீதிபதி வந்தார், குழாயைத் திறந்தார், மூடினார். "இருக்கு," என்றார். வழக்கு தள்ளுபடி.

தோற்ற கையோடு ரோஸ்விதா டாக்டர் ஐஸலேயிடம் போனாள். அவளுக்கு வருத்தம்கூட இல்லை. மனதைப் பாதி தேற்றிக்கொண்டுவிட்டாள். "சரி சார், வீடு இருக்குன்னு ஒத்துக்கறேன். அதையே எனக்குக் குடுத்துடுங்க. அடுத்த வாரமே வந்துடறேன்."

அவர் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"என்னம்மா இப்படிப் பேசறீங்க? அதுல நீங்க குடிவந்துட்டா அது காலியா இருக்காதே. காலியா இல்லேன்னா தகுந்த வீடு எங்க இருக்கு? வரம்பே ஆடிப்போயிடும். இந்த ஊர்ல நானூறு குடும்பத்துக்கு அந்த வீடுதான் ஆதாரம். நானூறு குடும்பமும் அங்க போகலாம்ங்கற நம்பிக்கைல இருக்கு. நீங்க ஒரு ஆள், உங்க சௌகரியத்துக்காக அதை அடைச்சுக்கலாமா? ஏழைகளுக்காகக் காலியா இருக்கற வீடும்மா அது. அதுல ஏழைங்க வந்து உக்காந்துட்டா அப்புறம் ஏழைங்களுக்கு என்ன இருக்கும்?"

வெளியே வந்து டிராம் நிறுத்தம் வரை நடந்தோம். அங்கே ரோஸ்விதா சொன்னாள்: "கேட்டப்ப நியாயமாத்தான் இருந்துச்சு. இப்பத்தான் கோவம் வருது."

அதன்பிறகு வியாழக்கிழமைகளில் அந்த வீட்டைத் திறந்து காட்ட ஆரம்பித்தார்கள். உதவித்தொகை வாங்குகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, அறை அறையாகப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு வீடு இருக்கிறது என்பதைக் கண்டேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். சுவரைத் தொடக்கூடாது. ஜன்னலருகே நின்று பெருமூச்சு விடக்கூடாது என்று எழுதி வைக்கவில்லை, ஆனால் காவலாளி முறைப்பார்.

எல்லாவற்றையும் யோசித்த அலுவலகம் ஒன்றை மறந்துவிட்டது. மாடிப்படி கூட்டும் முறை.

இதை மறந்தவர் இந்த ஊரில் பிறந்தவராக இருக்க முடியாது. இங்கே எந்தக் கட்டடமானாலும் வாரத்துக்கு ஒரு குடித்தனம் படி, கைப்பிடி, நிலவறை வழி, வாசல் நடைபாதை வரை கூட்டித் துடைக்கவேண்டும். முறை யாருடையதோ அவர் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். கூட்டி முடித்ததும் பலகையை அடுத்த கதவில் மாட்டவேண்டும். ஒருவர் வாரத்தில் இன்னொருவர் துடைப்பம் எடுப்பது அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். ஆம்ஸல் தெருவில் பலகை ஊர்வலமாக வந்து அந்தக் காலி வீட்டுக் கதவில் தொங்கியது. தொங்கியது தொங்கியபடியே இருந்தது. வியாழக்கிழமைக் கூட்டத்தின் சேறு படியில் காய்ந்து கிடந்தது. ஆறு குடித்தனமும் அதைத் தாண்டித் தாண்டி ஏறிப் போனார்கள், ஒருவர்கூடக் குனியவில்லை.

தரைத்தளத்தில் இருக்கும் ஸ்டோட்ஸ், வீட்டு நிறுவனத்தின் பொறுப்பாளர். எழுபது வயது, துடைத்துவைத்த மனிதர். அவர் உதவித்தொகை அலுவலகத்துக்கே நேரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"எந்த வீட்டுல ஆள் செத்தாலும் எங்க கட்டடத்துல படி கூட்டியிருக்கோம். யுத்தம் நடந்தப்பகூட கூட்டினாங்கன்னு எங்கப்பா சொல்வாரு. உங்க வரம்பு வந்தப்புறம்தான் நின்னுருக்கு," என்றார்.

படி கூட்டுவது எந்த அதிகாரியின் பணி விவரத்திலும் இல்லை. ஒரு துப்புரவு நிறுவனத்தை வைக்கலாம் என்றால் அதற்கு மூன்று ஒப்புதல் வேண்டும். டாக்டர் ஐஸலே யோசித்து, வேலையில்லாதவர்களுக்கான பணிப்பயிற்சி என்ற பெயரில் ஒருத்தியை அனுப்பினார். யார் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த வீட்டில் குடியிருக்கத் தகுதியில்லாத ரோஸ்விதா அதன் படியைக் கூட்டத் தகுதியானவள் என்று கடிதம் வந்தது. அவள் மறுத்தால் உதவித்தொகையில் பிடித்தம்.

போனாள். வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்துவிட்டு வா என்று நான் சொல்லி அனுப்பினேன். அவளால் முடியவில்லை. சலவைக்கூடத்துக் கை. மேலிருந்து கீழ் வரை கூட்டி, சோப்புப் போட்டுத் துடைத்து, கைப்பிடிக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, வாசலில் கால்மிதியைத் தூக்கி அதன் அடியிலும் துடைத்தாள். ஸ்டோட்ஸ் வெளியே வந்து கைப்பிடியில் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். நிலவறை வரை இறங்கிப்போய் மீண்டும் விரலைப் பார்த்தார்.

"கால்மிதிக்கு அடில?" என்றார்.

"பண்ணிட்டேன்."

"பேரு?"

"கூப்ளர்."

அவ்வளவுதான் பேச்சு. முறைப் பலகையை அடுத்த கதவில் அவரே மாட்டினார். மறுநாள் இரண்டாம் மாடி இடது பக்கத்து அழைப்பு மணிக்குப் பக்கத்தில் கூப்ளர் என்று அச்சடித்த பெயர் இருந்தது. அவரைக் கேட்டால், படியை இப்படிக் கூட்டுகிறவள் குடியிருப்பவளாகத்தான் இருக்கவேண்டும், வேறு யார் இப்படிக் கூட்டுவார்கள் என்பார். மேல் மாடிக்காரர்கள் அவளைப் பார்த்துக் குட்மார்னிங் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆறு வருடம் குடியிருந்தாலும் கிடைக்காத மரியாதை அது.

இதற்குள் ஆறு மாதக் கெடு முடிந்து ரோஸ்விதா மிச்ச வாடகையைத் தன் கையிலிருந்து கட்டத் தொடங்கியிருந்தாள். இறைச்சி வாங்குவதில்லை. சாயங்காலத்தில் என் வீட்டில் சூப் குடிப்பாள். வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் பால்கனித் தக்காளிச் செடிகளை எனக்குத் தந்துவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று கோபித்துக்கொண்டேன். வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தாள், அதிலும் எங்களுக்கு நம்பிக்கையில்லை.

அந்த மனுவுக்காக, வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்று பார்க்க நீதிபதி ராவ் மறுபடி வந்தார். டாக்டர் ஐஸலே பெருமையோடு வாசலில் நின்றார். நீதிபதி அழைப்பு மணிப் பலகையைப் படித்தார். படியைப் பார்த்தார். ஸ்டோட்ஸைக் கூப்பிட்டார்.

"இரண்டாம் மாடி இடது பக்கம் யாரு?"

"கூப்ளரம்மா."

"குடியிருக்காங்களா?"

"படி கூட்டறாங்க," என்றார் ஸ்டோட்ஸ், கேள்வியே புரியாதவர்போல.

"அது பணிப்பயிற்சி," என்று ஐஸலே கூவினார். "உள்ளே ஒரு நாற்காலிகூட இல்ல. யாரும் இல்லாத வீட்டுக்காகத்தான் அவங்க கூட்டறாங்க."

நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் வீட்டிலும் ஒரு முறைப் பலகை இருக்கும். "யாரும் இல்லாத வீட்டுக்கு முறை எப்படி டாக்டர் வரும்? முறை வந்துருக்குன்னா ஆள் இருக்குன்னு அர்த்தம். இது காலி வீடு இல்ல. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வரேன். அன்னிக்கு காலியா ஒரு வீட்டைக் காட்டலேன்னா உங்க வரம்பு செல்லாது."

அன்று மாலை டாக்டர் ஐஸலே எங்கள் கட்டடத்துக்கு வந்தார், பிளம்ஸ் கேக்கோடு. ரோஸ்விதா என் வீட்டில்தான் இருந்தாள். மூன்று பேரும் கேக் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

"கூப்ளரம்மா, அந்த மணியிலேருந்து உங்க பேரை மட்டும் எடுத்துடுங்க. ஸ்டோட்ஸ் நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு. பதிலுக்கு நீங்க இப்ப இருக்கற வீடு தகுந்ததுதான்னு ஒரு விதிவிலக்கு தரேன். ஆயுசுக்கும். கட்டின பணமும் திரும்ப வரும். எழுதிக் கையெழுத்துப் போட்டே கொண்டுவந்திருக்கேன்."

"எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டும்தான். எல்லாருக்கும் குடுத்தா அது விதிவிலக்கு இல்லையேம்மா, விதியாயிடும். அப்புறம் நாங்க எதுக்கு?"

நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன், வாங்கிக்கொள் என்று. நானூறு குடும்பம் எனக்குத் தெரியாதவர்கள். மேல் மாடிக் காலடிச் சத்தம் எனக்குத் தெரியும். அவள் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "பேரை எடுத்துடறேன் சார்," என்றாள். அவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பெயரை எடுக்கப் போனாள். வீடு பார்க்க வந்த கூட்டத்தில் மிர்யானா வுக்கெலிச் என்று ஒருத்தி, மூன்று வயதுப் பெண் குழந்தையோடு. ஒரு வருடமாக அக்காவின் சமையலறையில் பாய் போட்டுத் தூங்குகிறவள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் சின்ன அறையின் மூலையில் நின்று கையை விரித்து அளந்தாள், குழந்தைக் கட்டில் கொள்ளுமா என்று. பிறகு தான் செய்வது நினைவுக்கு வந்து கையைக் கீழே போட்டாள். குழந்தை ஒரு சத்தம் போட்டது, வெற்று அறை அதைத் திருப்பிச் சொன்னது, அது சிரித்து மறுபடி சத்தம் போட்டது. காவலாளி முறைத்தார்.

ரோஸ்விதா வாளியைக் கீழே வைத்தாள். "உனக்குப் படி கூட்டத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"கால்மிதிக்கு அடில?"

மிர்யானா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அங்கதானே அழுக்கு இருக்கும்," என்றாள்.

ரோஸ்விதா அவளைக் கீழே ஸ்டோட்ஸிடம் கூட்டிப் போனாள்.

ஒன்றாம் தேதி நீதிபதி வந்தார். டாக்டர் ஐஸலே டை கட்டிக்கொண்டு வந்தார். நானும் ரோஸ்விதாவும் எதிர்ச் சாரியில் நின்றோம். அழைப்பு மணிப் பலகையில் கூப்ளர் இல்லை. அந்த இடத்தில் வுக்கெலிச் என்று இருந்தது. ஜன்னலில் திரைச்சீலை. மேலே ஒரு குழந்தை ஓடும் சத்தம். வீட்டு நிறுவனத்துக்கு வெகுநாளாக வாடகை வராத வீட்டில் வாடகை வந்தால் கசக்குமா, ஸ்டோட்ஸ் சொன்னதும் ஒப்பந்தம் போட்டுவிட்டது.

ஐஸலே தெருவைக் கடந்து ரோஸ்விதாவிடம் வந்தார். மணிப் பலகையைக் கையால் காட்டினார்.

"நீங்க கேட்டபடியே என் பேரை எடுத்துட்டேன் சார்," என்றாள் அவள்.

நீதிபதி மாடிக்கு ஏறப் போனார். ஸ்டோட்ஸ் தடுத்தார். "காலைத் துடைச்சுட்டு ஏறுங்கம்மா. இப்பத்தான் கூட்டியிருக்காங்க." நீதிபதி காலைத் துடைத்தார், கைப்பிடியில் விரலை ஓட்டினார், விரலைப் பார்த்தார். மேலே ஏறவேயில்லை. "குடியிருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வரம்பு செல்லாமல் போய்விட்டது. நானூறு குடும்பமும் இருக்கிற வீட்டில் இருக்கிறார்கள், காலியான தகுந்த வீடு ஒன்று கிடைக்கும்வரை. ரோஸ்விதா என் தலைக்கு மேல் நடக்கிறாள். தக்காளி இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது.

போன சனிக்கிழமை ஆம்ஸல் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டைத் திறந்து காட்டினார்கள். வரிசையில் டாக்டர் ஐஸலே. கையில் கோப்பும் தட்டும்.

முன்னால் நின்ற ஒரு பெண் அவரிடம், "எத்தனை பேரு சார் குடிவரப் போறீங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. காலியா வெச்சுக்கத்தான்," என்றார் அவர்.

அவள் பின்னால் திரும்பி அதை எல்லாருக்கும் சொன்னாள். அவரைக் கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள். வரிசையின் கடைசி ஆம்ஸல் தெரு ஒன்பதாம் எண் வாசலில் இருந்தது. அங்கே மிர்யானா கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அவள் முறை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார் என்றாள், அவர் தள்ளி நின்றார்.